ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள்

1245 நவம்பர் 27 அன்று, வேல்ஸ் எல்லையோரம் உள்ள குட்ரிச் கோட்டையில், பெம்ப்ரோக் பிரபு வால்டர் மார்ஷல் பிள்ளையில்லாமல் இறந்தார். முறைப்படி பட்டமும் நிலமும் கடைசித் தம்பி ஆன்செல்முக்குச் சேர வேண்டும். அவற்றை ஏற்றுக்கொள்ளும் சடங்கு நடக்கும் முன்பே, ஒரு மாதத்துக்குள், ஆன்செல்மும் கண்ணை மூடினார். அவருக்கும் பிள்ளையில்லை. இவர்களுக்கு மூத்த மூன்று அண்ணன்கள் அதே பட்டத்தில் ஒருவர்பின் ஒருவராக இருந்து அதேபோலப் போய்விட்டவர்கள். 1231 தொடங்கி 1245 முடிவதற்குள், பதினான்கு ஆண்டுகளில், உடன்பிறந்த ஐந்து பேர். ஐவருக்கும் மணமாகியிருந்தது. ஐவரில் ஒருவருக்குக்கூடச் சட்டப்படியான வாரிசு இல்லை.

இவர்களின் தந்தை வில்லியம் மார்ஷல். நான்கு அரசர்களிடம் பணிபுரிந்து, ஐந்தாவதாக வந்த சிறுவனுக்காக நாட்டையே ஆண்டவர். மகா சாசனமான மாக்னா கார்ட்டாவை அது செத்துப்போகவிருந்த நேரத்தில் மறுபடி வெளியிட்டு உயிர் கொடுத்தவர். நடுக்கால ஐரோப்பாவின் பிரபுக்களிலேயே இவர் வாழ்க்கைதான் மிக நுணுக்கமாக நமக்குத் தெரியும். இப்படிப்பட்டவரின் ஐந்து ஆண்மக்களோடு பெயர் அற்றுப்போனால், அன்றைய மக்கள் என்ன நினைத்திருப்பார்கள்? சாபம் என்றார்கள்.

சாபக் கதையை எழுதி வைத்தவர் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மாத்யூ பாரிஸ். அயர்லாந்தின் ஃபெர்ன்ஸ் மறைமாவட்ட ஆயருக்குச் சொந்தமான இரண்டு பண்ணைகளை மார்ஷல் கைப்பற்றிக்கொண்டார். ஆயர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்தார். மார்ஷல் இறந்தபின் ஆயர் லண்டன் வந்து கல்லறை முன் நின்று, நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால் மன்னிப்பதாகச் சொன்னார். மகன்கள் மறுத்தார்கள். இந்தக் குடும்பத்தின் பெயர் ஒரே தலைமுறையில் அழியும், மகன்களில் ஒருவருக்கும் பிள்ளைப்பேறு வாய்க்காது என்று ஆயர் சொல்லிவிட்டுப் போனார். இதுதான் கதை. நிலத்தகராறு உண்மையாகவே நடந்தது. ஆனால் சாபத்தை மாத்யூ பாரிஸ் எழுதியபோது ஐவரும் இறந்துவிட்டிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. முடிவு தெரிந்தபின் எழுதப்படும் சாபம் பலிக்காமல் போவதில்லை.

சாபத்தைவிட வியப்பான ஒன்று இந்தக் குடும்பத்தில் நடந்திருக்கிறது என்பது என் எண்ணம். பத்துப் பிள்ளைகள் பிறந்த வீட்டில் பெயர் வேரோடு போனது. அதே வீட்டின் குருதி ஸ்காட்லாந்து, இங்கிலாந்து அரியணைகள் வரை சென்றது. இரண்டையும் ஒருங்கே விளங்கிக்கொள்ள அன்றைய சொத்துச் சட்டம் கொஞ்சமும், 19-ஆம் நூற்றாண்டின் கணிதம் கொஞ்சமும், இந்த நூற்றாண்டின் மரபணு ஆய்வு கொஞ்சமும் தெரிந்தால் போதும்.

முதலில் மனிதரைப் பார்த்துவிடலாம்.

வில்லியம் பிறந்தது 1147 வாக்கில். தந்தை ஜான், அரசரின் குதிரை லாயத்துக்கும் படை ஒழுங்குக்கும் பொறுப்பான மார்ஷல் பதவியில் இருந்தார். பதவியே குடும்பப் பெயராகிவிட்டது. ஜானுக்கு இரண்டு மனைவியர் வழியாக ஆறு மகன்கள். நான்காமவர் வில்லியம். மூத்தவனுக்கே நிலம் முழுவதும் என்ற அன்றைய வழக்கில் நான்காம் மகனுக்குக் கிடைக்கக்கூடியது ஒரு குதிரையும் வாளும்தான்.

1152-இல் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் பிளந்து கிடந்தது. அரசர் ஸ்டீபன், ஜானின் நியூபரி கோட்டையை முற்றுகையிட்டார். ஜான் கொஞ்சம் அவகாசம் கேட்டு, ஈடாக ஐந்து வயது வில்லியமைப் பணயமாக ஒப்படைத்தார். அவகாசத்தைப் பயன்படுத்திக் கோட்டைக்குள் ஆளும் உணவும் சேர்த்துக்கொண்டார். வாக்கு மீறினால் சிறுவனைத் தூக்கிலிடுவேன் என்று அரசர் எச்சரித்தபோது, இதைவிட நல்ல மகன்களை அடித்து உருவாக்கச் சம்மட்டியும் பட்டறைக்கல்லும் தம்மிடம் இருக்கின்றன என்று ஜான் சொல்லியனுப்பினாராம். ஸ்டீபனுக்கு மனம் வரவில்லை. தூக்குமரம் நோக்கிப் போகும்போது அது என்ன என்று அறியாமல் விளையாட்டுப் பேச்சுப் பேசிய குழந்தையை அவர் திருப்பி அழைத்துக்கொண்டார். பிறகு அவனோடு கூடாரத்தில் உட்கார்ந்து, செடித் தண்டுகளை வீரர்களாக வைத்துச் சண்டை விளையாட்டும் ஆடினார்.

ஜானின் பேச்சு நமக்குக் கொடூரமாக இருக்கிறது. ஆனாலும் அதில் அந்தக் காலத்து வம்சக் கணக்கு அப்பட்டமாகத் தெரிகிறது. நிறைய மகன்கள் வேண்டும், சிலர் போவார்கள், எஞ்சியவன் பெயரைக் காப்பான். ஜானின் வீட்டில் அதுவே நடந்தது. முதல் மனைவியின் மகன்கள் இருவரும் 1160-களிலேயே வாரிசின்றி இறந்தார்கள். மூன்றாம் மகனும் 1194-இல் சட்டப்படியான வாரிசு இல்லாமல் இறந்தார். இன்னொருவர் குருவாகி எக்ஸிட்டர் ஆயரானார். துறவு பூண்டவருக்குக் குடும்பம் கிடையாது. ஆறு பேரில் குடும்பத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தது பணயமாகக் கொடுக்கப்பட்ட அந்த ஒருவர் மட்டும்தான். இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வில்லியம் நார்மண்டியில் டான்கர்வில் பிரபுவான உறவினர் வீட்டில் வளர்ந்து, போர்ப் பயிற்சி பெற்று, இருபது வயதை ஒட்டி வீரப்பட்டம் பெற்றார். சம்பாதித்தது டோர்னமென்ட் களத்தில். திரைப்படங்களில் காட்டுகிறார்களே, தடுப்புக்கு இருபுறமும் இரண்டு பேர் ஈட்டியோடு பாய்வது, அது பிற்காலத்து வழக்கம். 12-ஆம் நூற்றாண்டில் டோர்னமென்ட் என்றால் பல மைல் பரப்பில், வயலும் ஊரும் பாராமல், இரண்டு பெருங்கூட்டங்கள் நாள் முழுக்க மோதிக்கொள்வது. பிடிபட்டவர் குதிரையையும் கவசத்தையும் இழப்பார், மீட்புத் தொகையும் கட்டுவார். வில்லியம் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து பத்து மாதத்தில் 103 வீரர்களைப் பிடித்தார் என்று கணக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். சாகும் தறுவாயில் தாம் வாழ்நாளில் பிடித்தவர்கள் 500 பேர் என்றார்.

1168-இல் பிரான்சில் ஒரு பதுங்குத் தாக்குதலில் அவருடைய தாய்மாமன் பேட்ரிக் கொல்லப்பட்டார். வில்லியம் தொடையில் ஈட்டிக் காயத்தோடு சிறைப்பட்டார். பணம் கட்டி மீட்டவர் அரசர் இரண்டாம் ஹென்றியின் மனைவி எலனோர். அங்கிருந்து ஏறுமுகம். எலனோரின் மகன்களில் அன்று மூத்தவரான இளைய ஹென்றிக்குப் போர்க்கலை ஆசான். 1183-இல் அவர் இறந்ததும் அவருக்காக எருசலேம் யாத்திரை. திரும்பிவந்து இரண்டாம் ஹென்றியிடம் பணி. 1189-இல் தந்தை ஹென்றிக்கு எதிராகக் கிளம்பிய மகன் ரிச்சர்ட், பின்வாங்கும் தந்தையைத் துரத்திவந்தபோது, வில்லியம் குறுக்கே நின்று ரிச்சர்டின் குதிரையைக் குத்தி வீழ்த்தினார். சில வாரங்களில் அதே ரிச்சர்ட் அரசரானார். பழிவாங்கவில்லை, வில்லியமின் வாழ்க்கையையே மாற்றிய பரிசைக் கொடுத்தார். அந்தப் பரிசு ஒரு பெண்.

இசபெல் டி கிளேர். வயது பதினேழு பதினெட்டு. தந்தை, ஸ்ட்ராங்போ என்று பெயர்பெற்ற ரிச்சர்ட் டி கிளேர். தாய் ஈஃபா, அயர்லாந்தின் லென்ஸ்டர் அரசர் டியர்மிட் மாக்மரோவின் மகள். ஸ்ட்ராங்போ 1176-இல் இறந்தார். ஒரே மகன் கில்பர்ட் பருவம் எய்துமுன் இறந்துபோனான். அதோடு அந்தக் கிளேர் கிளையில் ஆண்வாரிசு இல்லை. செப்ஸ்டோ கோட்டை, பெம்ப்ரோக் மீதான உரிமை, லென்ஸ்டர் முழுவதும், நார்மண்டியில் சில நிலங்கள் எல்லாம் அந்தப் பெண்ணின்மேல் வந்து இறங்கின. தந்தையற்ற வாரிசு பருவம் வரும்வரை அரசரின் பாதுகாப்பில் இருக்க வேண்டும். பெண்ணானால் யாருக்கு மணமுடிப்பது என்பதும் அரசர் கையில். அந்த உரிமையை அரசர்கள் விற்றார்கள், பரிசாகக் கொடுத்தார்கள், கடனுக்கு ஈடாக வைத்தார்கள். இசபெல் லண்டன் கோபுரத்தில் காத்திருந்தார். 1189 ஆகஸ்டில் திருமணம். மாப்பிள்ளைக்கு நாற்பது தாண்டிவிட்டது. கையகல நிலமில்லாமல் தொடங்கியவர் ஒரே நாளில் நாட்டின் பெரும் செல்வர்களில் ஒருவரானார்.

ஒரு வீட்டின் ஆண்வழி அறுந்ததால்தான் மார்ஷல் வீடு எழுந்தது. பெண்ணின் கைப்பிடித்து வந்த சொத்து இது.

அந்தத் திருமணக் காலத்துப் பொருள் ஒன்று இன்னும் இருக்கிறது. செப்ஸ்டோ கோட்டையின் பெரிய மரக்கதவுகள். 1960-கள் வரை வாயிலில் தொங்கிக்கொண்டிருந்தன. இப்போது உள்ளே பாதுகாப்பாக வைத்திருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றே நினைத்திருந்தார்கள். கருவாலி மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பொருத்திப் பார்த்தபோது, மரம் வெட்டப்பட்டது 1190-களுக்குப் பிந்தியதல்ல என்று தெரிந்தது. ஐரோப்பாவில் மிஞ்சியுள்ள கோட்டைக் கதவுகளில் மிகப் பழையவை இவையே. புதுமாப்பிள்ளை மாமனார் வீட்டுக் கோட்டையைப் பலப்படுத்திய வேலையின் தடயம் இது.

இசபெல் வெறும் சொத்துப்பத்திரமாக இருக்கவில்லை. 1207-இல் கில்கென்னியில், தாம் இங்கிலாந்து திரும்ப வேண்டி வந்தபோது, மார்ஷல் லென்ஸ்டர் பிரபுக்களைக் கூட்டி, கருவுற்றிருந்த மனைவியை முன்னிறுத்தி, இந்த நாடு இவளுடையது, நான் வைத்திருப்பதெல்லாம் இவள் வழியாக வந்தது என்று சொன்னார். எதிரிகள் கில்கென்னியை முற்றுகையிட்டபோது இசபெலே நின்று சமாளித்தார். மதிலில் ஓர் ஆளை இறக்கி உதவிக்குச் செய்தி அனுப்பினார். ரிச்சர்டுக்குப் பின் வந்த அரசர் ஜானோ மார்ஷல்மேல் சந்தேகம்கொண்டு, முதலில் மூத்த மகனையும் பிறகு இரண்டாம் மகனையும் பணயமாகக் கேட்டுப் பிடித்துவைத்திருந்தார். ஐந்து வயதில் தாம் அனுபவித்ததைத் தம் பிள்ளைகளுக்கும் மார்ஷல் கொடுக்கவேண்டி வந்தது.

அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள்: வில்லியம், ரிச்சர்ட், கில்பர்ட், வால்டர், ஆன்செல்ம் என்று ஐந்து மகன்கள், மஹெல்ட், இசபெல், சிபில், ஈவா, ஜோன் என்று ஐந்து மகள்கள். பத்துப் பேரும் வளர்ந்து ஆளாகித் திருமணம் செய்துகொண்டார்கள். குழந்தைச் சாவு வீட்டுக்கு வீடு இருந்த நூற்றாண்டில் இது அபூர்வம். 1219-இல் இந்தக் குடும்பத்தைப் பார்த்தவர் எவரும் இங்கிலாந்திலேயே உறுதியான வம்சம் இதுதான் என்று சத்தியம் செய்திருப்பார்.

ஏனென்றால் அதற்குள் மார்ஷல் நாட்டின் உச்சியில் இருந்தார். 1216 அக்டோபரில் அரசர் ஜான் இறந்தபோது பாதி நாடு பிரெஞ்சு இளவரசர் லூயியின் கையில். ஒன்பது வயது மூன்றாம் ஹென்றிக்கு குளோஸ்டரில் அவசரமாக முடிசூட்டி, எழுபதை நெருங்கிய மார்ஷலிடம் நாட்டை ஒப்படைத்தார்கள். ஜான் ரத்து செய்ய வைத்திருந்த மாக்னா கார்ட்டாவை, எதிரிகளை இழுக்கவென்று, அடுத்த மாதமே அவர் தம் முத்திரையோடு மறுபடி வெளியிட்டார். 1217 மே 20 அன்று லிங்கன் நகரில் தாமே குதிரையேறி மோதி வென்றார். லூயி பணம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

1219 மே 14 அன்று தேம்ஸ் கரையில் கேவர்ஷம் மாளிகையில் இறந்தார். அந்த இறுதி வாரங்களின் விவரம் நமக்குக் கிடைத்திருப்பது மூத்த மகனும் பழைய தோழர் ஜான் ஆஃப் ஏர்லியும் சேர்ந்து எழுதவைத்த ஒரு பிரெஞ்சு மொழிச் செய்யுள் வரலாற்றால். 19,000 வரிகளுக்கு மேல். அரசரோ புனிதரோ அல்லாத ஒருவரைப் பற்றி ஐரோப்பாவில் வட்டார மொழியில் எழுதப்பட்ட முதல் வாழ்க்கை வரலாறு என்று இதைச் சொல்வார்கள். ஒரே ஒரு பிரதிதான் எஞ்சியது. 1861-இல் லண்டன் ஏலம் ஒன்றில் பால் மேயர் என்ற இளம் பிரெஞ்சு அறிஞர் அதைப் பார்த்தார், ஏலத்தில் கிடைக்கவில்லை, வாங்கியவர் பூட்டி வைத்துவிட்டார். இருபது ஆண்டு தேடி மறுபடி கண்டுபிடித்து, 1891 முதல் 1901 வரை அச்சிட்டு முடித்தார். பால் மேயரின் அந்தப் பிடிவாதத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அது இல்லையென்றால் படுக்கையில் கிடந்த கிழவருக்குத் திடீரென்று பாட்டுக் கேட்க ஆசை வந்ததும், மகள்களை வரவழைத்ததும், மூத்தவள் மஹெல்ட் துக்கத்தோடு பாடியதும், ஜோன் கூச்சப்பட்டுப் பாடியபோது அப்படியில்லை என்று அவர் சொல்லிக்கொடுத்ததும் நமக்குத் தெரிந்திருக்காது. கடைசி மகன் ஆன்செல்முக்கு நிலம் வேண்டாம், என்னைப்போல அவனும் உழைத்து முன்னேறட்டும் என்று முதலில் சொல்லி, தோழர் கெஞ்சியபின் மனம் மாறி ஒரு பங்கு எழுதிவைத்ததும் அதில்தான் இருக்கிறது.

அடுத்த ஆண்டே இசபெல் இறந்தார். பிறகு மகன்கள்.

மூத்தவர் வில்லியம் முதல் மனைவியை இழந்தபின், 1224-இல் அரசரின் தங்கை எலனோரை மணந்தார். மணமகளுக்கு ஒன்பது வயது. ஏழு ஆண்டு கழித்து, 1231 ஏப்ரலில், அவர் திடீரென இறந்தபோது மனைவிக்கு வயது பதினாறு. இரண்டாமவர் ரிச்சர்ட் அரசரோடு மோதிக் கிளர்ச்சியில் இறங்கி, 1234 ஏப்ரலில் அயர்லாந்தின் குர்ராஹ் சமவெளியில் காயம்பட்டு இரண்டு வாரத்தில் இறந்தார். மூன்றாமவர் கில்பர்ட்டைக் குருவாக்கவே வளர்த்திருந்தார்கள். பட்டம் தேடிவந்ததும் அந்தக் கோலத்தைக் களைந்து ஸ்காட்லாந்து அரசகுமாரியை மணந்தார். 1241 ஜூனில் ஒரு டோர்னமென்ட்டில் கடிவாளம் அறுந்து, குதிரை இழுத்துச் சென்றதில் மாண்டார். தந்தைக்குச் செல்வம் கொடுத்த களம் மகனைக் கொன்றது. வால்டர் 1242-இல் மணந்தார், மூன்றாண்டில் போனார். ஆன்செல்மின் முடிவைப் பார்த்துவிட்டோம்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் மர்மம் எதுவுமில்லை. சிறுமியோடு மணம், போர், விபத்து, ஆயுள் குறைந்த இல்வாழ்க்கை. ஆனால் ஐவருக்கும் சேர்த்தாற்போல இப்படி நடக்குமா? இங்கேதான் கணிதம் உதவுகிறது.

பிரபுக்களின் குடும்பப் பெயர்கள் ஏன் இப்படி அழிகின்றன என்ற கேள்வி 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்ட்டனை அரித்தது. முதலில் அவர் ஒரு விளக்கம் தந்தார்: சொத்துக்காக ஒற்றை வாரிசுப் பெண்ணை மணக்கிறார்கள், அவள் ஒற்றையாக இருப்பதே அந்தக் குடும்பத்தில் பிள்ளைப்பேறு குறைவு என்பதற்கு அடையாளம், ஆகவே வம்சம் தேய்கிறது. கேட்க நயமான வாதம். தம் கிளையில் ஒற்றையாய் மிஞ்சிய இசபெல் பத்துப் பிள்ளை பெற்று அத்தனை பேரையும் வளர்த்தது அதற்கு எதிர்ச்சான்று. கால்ட்டனுக்கே இன்னொரு சந்தேகம் வந்தது: எந்தக் குறையும் இல்லாமல், வெறும் தற்செயலாலேயே பெயர்கள் அழியலாம் அல்லவா? 1873-இல் ஒரு கல்வி இதழில் இதைக் கணக்காக வெளியிட்டார். ஹென்றி வாட்சன் என்ற கணிதம் தெரிந்த பாதிரியார் விடை எழுதினார். மறு ஆண்டு இருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையிலிருந்து ஒரு கணிதத் துறையே கிளைத்தது.

காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரே பெயருள்ள ஆண் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மகன் பிறக்காமல் போக நான்கில் ஒரு வாய்ப்பு, ஒரு மகன் இருக்க இரண்டில் ஒன்று, இரண்டு மகன்கள் இருக்க நான்கில் ஒன்று என்று வைப்போம். சராசரியாக ஒருவருக்கு ஒரு மகன். மேலோட்டமாகப் பார்த்தால் பெயர் நிலைத்திருக்க வேண்டும். ஆனால் இப்படிப்பட்ட 100 குடும்பங்களில் முதல் தலைமுறையில் 25 அற்றுப்போகும். இரண்டாம் தலைமுறை முடிவில் 39, மூன்றாவதில் 48, நான்காவதில் 55. நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் பாதிக்கு மேல் காலி. மகன் இல்லாமல் போன பெயர் திரும்பி வராது, கதவு ஒருபக்கம் மட்டுமே திறக்கும் என்பதுதான் காரணம். இந்தக் கணக்கைத் தொடர்ந்துகொண்டே போனால் எல்லாப் பெயர்களும் ஒருநாள் அழியும். சராசரி ஒன்றைத் தாண்டினால் மட்டுமே சில தப்பும். வாட்சன் இதில் தவறி, எந்த நிலையிலும் அழிவு உறுதி என்று எழுதிவிட்டார். இத்தனைக்கும் பிரான்சில் பியெனமே 1845-லேயே சரியாகச் சொல்லியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை. இதே சமன்பாடுகள் பிற்பாடு அணுப்பிளவில் ஒரு நியூட்ரான் தொடர்வினையைக் கிளப்புமா, அவிந்துபோகுமா என்று கணிக்கவும் பயன்பட்டன. பிரபு வீட்டு வாரிசுக் கவலையில் பிறந்த கணிதம் அணு உலைக்குள் போய் நின்றது.

வரலாறும் கணக்கோடு ஒத்துப்போகிறது. கே. பி. மக்ஃபார்லேன் என்ற வரலாற்றாசிரியர் பிற்கால நடுக்கால இங்கிலாந்தின் பிரபுக் குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தார். 25 ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழக் கால்பங்குக் குடும்பங்கள் ஆண்வழியில் அற்றுப்போயின என்று கண்டார். இந்த வேகத்தில் 200 ஆண்டில் நூற்றுக்குப் பத்துதான் மிஞ்சும்.

இனி மார்ஷல் சகோதரர்கள். மேலே சொன்ன வாய்ப்பில், மகன் இல்லாமல் போவது ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒன்று என்றால், ஐவருக்கும் சேர்ந்து நடக்க 1,024-இல் ஒரு வாய்ப்பு. சாபம் என்று நம்பத் தோன்றும் எண்தான். ஆனால் அவர்கள் சராசரி மனிதர்கள் இல்லை. களத்தில் வாழ்ந்தவர்கள்; மணவாழ்க்கை சிலருக்கு மூன்று ஆண்டு, ஒருவருக்கு மனைவி குழந்தை. பிள்ளையின்றி இறக்கும் வாய்ப்பு ஆளுக்குப் பாதி என்று வைத்தால் 32-இல் ஒன்று. அதே வீட்டில் முந்தைய தலைமுறையின் ஆறு மகன்களில் வம்சத்தை நீட்டியவர் ஒருவரே என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள். அந்த முறை மயிரிழையில் தப்பியது, இந்த முறை தப்பவில்லை. ஜான் நம்பிய பட்டறைக்கல் ஒருபோதும் அவர் நினைத்த அளவுக்கு உறுதியானதல்ல.

மகள்கள் கதைக்கு வருவோம். ஆண்வாரிசு அற்றதும் சட்டத்தின் இன்னொரு பக்கம் திறந்தது. மகன்கள் இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம். மகன்களே இல்லையென்றால் மகள்களுக்குச் சமபங்கு. இறந்த மகளின் பங்கு அவள் பிள்ளைகளுக்கு. 1247-இல் பாகப்பிரிவினை முடிந்தது. லென்ஸ்டர் ஐந்தாக உடைந்தது: கார்லோ மஹெல்டுக்கு, கில்கென்னி இசபெல்லின் மகனுக்கு, கில்டேர் சிபிலின் வாரிசுகளுக்கு, வெக்ஸ்போர்டு ஜோனின் வாரிசுகளுக்கு, டனமேஸ் ஈவாவின் வாரிசுகளுக்கு. சிபிலுக்கு ஏழு பெண்கள். ஆகவே ஒரு பங்கு ஏழு துண்டு. முழுச் சொத்தில் 35-இல் ஒரு பாகம் ஆளுக்கு. ஒரு தனிமனிதர் கையில் அரசுக்கு நிகராக நின்ற லென்ஸ்டர், கணவன்மார்களும் பேரன்களும் பங்கிட்டுக்கொண்ட நிலத்துண்டுகளாயிற்று. பலருடைய பங்கு தொலைவில் இங்கிலாந்தில் வாழ்ந்தவர்களிடம் போனது. நிலத்தைக் காக்க நேரில் நிற்க ஆளில்லை. அயர்லாந்தில் ஆங்கிலேயர் பிடி அடுத்த நூற்றாண்டில் தளர்ந்ததற்கு வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணங்களில் இந்தப் பாகப்பிரிவினையும் ஒன்று.

மார்ஷல் பதவியை மட்டும் துண்டாக்க முடியாது. 1246-இல் அந்தப் பதவிக்கான கோலை மூத்த மகள் மஹெல்ட் பெற்றார். தம்மை இங்கிலாந்தின் மார்ஷல் என்றே ஆவணங்களில் எழுதிக்கொண்டார். தந்தைக்குத் துக்கத்தோடு பாடிய அதே மஹெல்ட்.

மகள்களின் கொடிவழி எப்படிப் படர்ந்தது என்பதற்கு இரண்டு கிளைகள் போதும். இரண்டாம் மகள் இசபெல், குளோஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேரை மணந்தார். அவர்கள் மகள் ஸ்காட்லாந்தின் புரூஸ் குடும்பத்துக்கு மருமகளாகப் போனார். அவளுடைய பேரன்தான் 1314-இல் பானக்பர்னில் ஆங்கிலப் படையைச் சிதறடித்த அரசர் ராபர்ட் புரூஸ். ஈவாவின் கணவர் வில்லியம் டி பிரயோஸ், வேல்ஸ் இளவரசர் லிவெலின் மனைவியோடு தனித்திருந்தபோது பிடிபட்டு 1230-இல் தூக்கிலிடப்பட்டார். ஆண்பிள்ளை இல்லாத அந்த வீட்டின் மகள் மாட், ரோஜர் மார்ட்டிமரை மணந்தார். மார்ட்டிமர் கிளை, ஆன் மார்ட்டிமர் என்ற இன்னொரு வாரிசுப் பெண் வழியாக, யார்க் அரச குடும்பத்தில் சேர்ந்தது. நான்காம் எட்வர்டு, எட்டாம் ஹென்றி, அவர்களுக்குப் பின் இன்றுவரை வந்த அரசர்கள் பலரும் அதில் அடங்குவர்.

பெரிய பெயர்களால் இது சிறப்புப் போலத் தோன்றலாம். கணக்கு வேறு சொல்கிறது. ஒருவருக்கு இரண்டு பெற்றோர், நான்கு தாத்தா பாட்டி, எட்டுக் கொள்ளுத் தாத்தா பாட்டி என்று இரட்டித்துப் போனால், மார்ஷல் காலம் ஏறத்தாழ 27 தலைமுறைக்கு முன்னால். அங்கே ஒவ்வொருவரின் வம்ச மரத்திலும் 13 கோடியே 42 இலட்சம் இடங்கள் இருக்கும். அன்று ஐரோப்பா முழுவதிலும் அத்தனை பேர் இல்லை. ஒரே முன்னோர் மரத்தில் திரும்பத் திரும்ப, பல வழிகளில், வந்தாக வேண்டும். ஆகவே பிள்ளைவழி நிலைத்த ஒருவர் சில நூற்றாண்டுகளில் ஏராளமானோருக்கு முன்னோராகிவிடுகிறார். மகன் வழியே வரும் பெயர் அந்த மரத்தில் ஒரே ஒரு கோடு. மற்ற எல்லாக் கோடுகளும் எங்கோ ஒரு பெண்ணைக் கடந்துதான் வருகின்றன.

உடலுக்குள்ளும் இதே கணக்குதான். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது, குடும்பப் பெயர் போகும் அதே பாதையில். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்து, மகள்கள் வழியே மட்டும் தொடர்கிறது. 2012-இல் லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் அடியில் மூன்றாம் ரிச்சர்டு அரசரின் எலும்புக்கூடு கிடைத்தபோது இரண்டையும் சோதித்தார்கள். இந்த ரிச்சர்டு, ஆன் மார்ட்டிமரின் பேரன். ஆகவே ஈவா வழியாக மார்ஷலின் வம்சத்தவர். அவருடைய அக்காவின் பெண்வழியில் வந்த, இன்று வாழும் இருவரின் தாய்வழி டி.என்.ஏ. எலும்போடு பொருந்தியது. 500 ஆண்டுக்கு மேல், எந்தப் பெயரும் தாங்காத அந்த வழி அறுபடவில்லை. பட்டமும் பதிவேடும் காத்துவந்த ஆண்வழியோ பொருந்தவில்லை. ஒரே முன்னோரின் ஆண்வழி வாரிசுகளாகப் பதிவாகியிருந்த ஐந்து ஆண்களில் ஒருவரின் ஒய் குரோமோசோமும் ரிச்சர்டோடு ஒத்துப்போகவில்லை. ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடும் ஒத்துப்போகவில்லை. காகிதத்தில் எழுதிய தந்தைக்கும் பிறப்பின் தந்தைக்கும் இடையே எங்கோ வேறுபாடு நேர்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வம்சத்தவர் என்றால் உடலில் அவரின் துண்டு இருக்கும் என்று பொருளில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் மரபுப்பொருள் பாதி பாதியாகக் கலைந்து கைமாறுகிறது. பதினைந்து தலைமுறைக்கு அப்பால் உள்ள முன்னோரில் பெரும்பாலோரிடமிருந்து நமக்கு ஒரு துளி டி.என்.ஏ.கூட வந்து சேர்ந்திருக்காது. மார்ஷலின் வழியில் வந்த அரசர்கள் பலரிடமும் மார்ஷலின் மரபணு எதுவும் இல்லாதிருக்கவே வாய்ப்பு அதிகம்.

எழுத்தில் இருக்கும் உறவு மட்டும் மாறவில்லை. மஹெல்டின் பேரனோடு, அவர் மணமாகிப் புகுந்த பைகாட் குடும்பத்திலும் ஆண்வழி அற்றது. மார்ஷல் பதவி அரசரிடம் திரும்பிப் போய், வேறு குடும்பங்களைச் சுற்றி, 1672 முதல் நார்போக் கோமகன்களான ஹவார்டு குடும்பத்தில் பரம்பரையாக இருக்கிறது. அரச விழாக்களை நடத்திவைப்பது அவர்கள் வேலை. 2023 மே 6 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் மூன்றாம் சார்லஸ் முடிசூடிய நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தது அந்தப் பதவியில் இருப்பவர்தான். முடிசூடியவர் ஈவாவின் வழியில் வந்தவர்.